கோபப்பட்டால் விழும் கியர்

பஞ்சு எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் மனிதர்களைப் பார்க்க மாட்டார், நாற்காலியைப் பார்ப்பார். கட்டை விரலால் ஓர் அமுக்கு. விரலை எடுத்த பிறகு குழி எவ்வளவு நேரத்தில் நிரம்புகிறது என்று ஒரு கணக்கு. அதற்கப்புறம்தான் "எல்லாரும் சௌக்கியமா?" ஒரு தடவை துக்கம் விசாரிக்கப் போன இடத்திலும் விரல் சும்மா இருக்கவில்லை. சோஃபாவை அமுக்கிவிட்டு, "முடிஞ்சு போச்சுங்க, இனிமே பண்றதுக்கு ஒண்ணுமில்ல" என்று பெருமூச்சு விட்டார். அதுவரை அடங்கியிருந்த அழுகை மறுபடி ஆரம்பித்தது. வீட்டுக்கு வந்த பிறகு மனைவி மூன்று நாள் பேசவில்லை.

முப்பத்தோரு வருடமாகக் கார் இருக்கைகளுக்கு உறை தைத்து வருகிறவர். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது மின்சாரக் கட்டண ரசீதில் மட்டும் வரும். ஊரில் பாதிப் பேருக்கு இடுப்புவலி இல்லாமல் இருப்பதற்குத் தானே காரணம் என்று அவர் சொல்லிக்கொள்வார். மீதிப் பாதிப் பேருக்கு இருப்பதற்கும் அவர்தான் காரணம் என்பார் அவருடைய மைத்துனர்.

மைத்துனர் என்றால் மனைவியின் தம்பி. கியர் பாக்ஸ் மட்டும் பார்க்கிற மெக்கானிக். நாள் முழுக்கப் பல் சக்கரங்களோடு பழகுவதால் 'பல் டாக்டர்' என்று பெயர். திருப்புளியின் முனையை ஓடுகிற கியர் பாக்ஸ் மேல் ஊன்றி, பிடியைக் காதோடு வைத்துக் கண்ணை மூடுவார். "மூணாவது பல்லு தேஞ்சிருக்கு" என்பார். பிரித்துப் பார்த்தால் மூன்றாவதுதான் தேய்ந்திருக்கும். இரண்டு பேருக்கும் ஒரே கொட்டகை. ஒரே தகரக் கூரை, இரண்டு வாசல். இடப்பக்கம் தையல் மெஷின், லெதர் சுருள், பஞ்சு மூட்டை. வலப்பக்கம் ஜாக்கி, குழி, எண்ணெய் வழிகிற இரும்பு. எல்லைக்கோடு என்று எதுவும் கிடையாது. எண்ணெய்க் கறை நிற்கிற இடம்தான் எல்லை. பதினேழு வருடம் இப்படியே ஓடியது.

அப்புறம் அந்தக் கார் வந்தது.

ஒரு வாடிக்கையாளர் இருக்கை தைக்கச் சொல்லி விட்டுவிட்டுப் போன இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார். ஐம்பது வயது இருக்கும். நீண்ட மூக்கு, குட்டைப் பின்புறம், கீரைப் பச்சை நிறம். உள்ளே உட்காருவது தரையில் சப்பணமிடுவதை விட ஒரு சாண் மேல். எழுந்திருக்க இரண்டு பேர் கை கொடுக்க வேண்டும். விட்டுப் போனவர் இரண்டு வருடம் திரும்பவில்லை. பிறகு ஒரு கடிதம் வந்தது: வெளிநாட்டிலேயே தங்கிவிட்டேன், வண்டியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், நல்லபடியாகப் பார்த்துக்கொள்வீர்கள் என்று தெரியும்.

பஞ்சு அந்தக் கடைசி வரியை நான்கு முறை படித்தார்.

முதல் வாரம் எலி தின்ற பழைய கம்பளத்தைப் பிய்த்துப் போட்டுவிட்டு, வெறும் இரும்புத் தரையோடு தெருவில் ஓட்டிப் பார்த்தார். கியரெல்லாம் வெண்ணெயில் கத்தி மாதிரி விழுந்தன. ஒரே குறை, கியர் பாக்ஸிலிருந்து விடாமல் ஒரு முனகல்.

"அது பாட்டு மாமா" என்றார் பல் டாக்டர். "பழைய பாக்ஸ்னா பாடத்தான் செய்யும். விட்டுடுங்க."

விட்டுவிடுகிற ஆளா பஞ்சு? நான்கு மாதம் வேறு வேலையைக் குறைத்துக்கொண்டு அந்தக் காருக்கு உள்ளலங்காரம் செய்தார். தரையில் கனமான ஃபெல்ட் விரிப்பு இரண்டு அடுக்கு. முனகல் இன்னும் லேசாகக் கேட்டது. மேலே ஒரு அடுக்கு ரப்பர் பஞ்சு. அதற்கும் மேலே அடர்ந்த கம்பளிக் கம்பளம், ஓரத்தில் லெதர் பட்டி, இம்மியும் பிசகாத தையல். பாட்டு நின்றது. கையை வைத்தால் எடுக்க மனம் வராது. செருப்புக் காலோடு யாரும் ஏறக் கூடாது என்று சட்டம் வந்தது. அவரே வெறுங்காலோடுதான் ஓட்டினார்.

மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்து முதல் சவாரி. தெருமுனை வளைவில் ஒன்றிலிருந்து இரண்டாவது கியருக்கு மாற்றினார்.

கர்ர்ர்ர்க்.

"ஐயோ, யாரு மேல ஏத்திட்டீங்க?" என்றார் மனைவி.

யார் மேலும் ஏற்றவில்லை. கியர்தான். அன்றிலிருந்து குழப்பம் அந்தக் காரில் மூன்றாவது ஆளாக ஏறிக்கொண்டது. எஞ்சினை அணைத்துவிட்டு மாற்றினால் எல்லா கியரும் சாதுவாக விழும். எஞ்சின் ஓடும்போது ரெண்டாவது கரகரக்கும், ரிவர்ஸ் போகவே போகாது. சில நாள் போகும். எந்த நாள் போகும், எந்த நாள் போகாது என்பதற்கு ஒரு ஒழுங்கும் இல்லை. வெயிலா, மழையா, பெட்ரோல் நிறைய இருக்கிறதா என்று பஞ்சு துணி வெட்டும் சாக்கட்டியால் சுவரில் குறித்துக்கொண்டே வந்தார். சுவர் நிறைந்ததே தவிர ஒன்றும் புரியவில்லை. ஒரு நாள் பின்னால் வந்த லாரிக்காரர் விடாமல் ஹாரன் அடிக்க, பஞ்சுவுக்கு ரத்தம் தலைக்கேறி, கிளச்சை ஓங்கி மிதித்து லீவரை இழுத்தார். சத்தமே இல்லாமல் விழுந்தது ரெண்டாவது.

அதையும் போய்ச் சொன்னார்.

"கோபப்பட்டா விழுது மாப்ள."

பல் டாக்டர் திருப்புளியைக் கீழே வைத்தார். "அப்ப ஒரு வேலை பண்ணுங்க. எப்பவும் அக்காவைப் பக்கத்துலயே உட்கார வெச்சு ஓட்டுங்க. டாப் கியரே தானா விழும்."

சிரித்தார்களே தவிர வேலையில் விளையாட்டு இல்லை. கியர் பாக்ஸை இறக்கிவிடலாம் என்று முடிவாயிற்று. அந்த மாதிரி வண்டியில் பாக்ஸை உள்ளேயிருந்துதான் எடுக்க வேண்டும். தரையெல்லாம் எண்ணெய் ஆகும். பல் டாக்டரின் கை தன் கம்பளத்தில் படுவதா? வண்டியை வலப்பக்கம் தள்ளுவதற்கு முன், குழந்தைக்குச் சட்டை கழற்றுகிற மாதிரி, பஞ்சுவே கம்பளத்தையும் அடி விரிப்புகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, மடங்காமல் சுருட்டி, தன் பக்கத்துப் பரணில் வைத்தார்.

பல் டாக்டர் பாக்ஸைப் பிரித்தார். ரெண்டாவது கியரின் பித்தளை வளையம் கொஞ்சம் தேய்ந்திருந்தது. மாற்றினார். பூட்டினார். ஓட்டிப் பார்த்தார். அபாரம். பஞ்சுவையும் உட்காரவைத்து ஓட்டச் சொன்னார். அவர் ஓட்டினாலும் அபாரம். மைத்துனரைக் கட்டிக்கொண்டார் பஞ்சு. மாலையில் கம்பளத்தைத் திரும்ப விரித்து, அதைத் தரையோடு பிடிக்கிற பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்தினார். காலையில் வண்டியை எடுத்தார்.

கர்ர்ர்ர்க்.

இரண்டாம் தடவை கிளச்சு சிலிண்டரை மாற்றினார் பல் டாக்டர், எண்ணெயையும் மாற்றினார். கொட்டகையில் வெண்ணெய், மறுநாள் தெருவில் கல். மூன்றாம் தடவை பாக்ஸிலிருந்த ஒவ்வொரு உருப்படியையும் எடுத்து, வெள்ளைத் துணியில் வரிசையாகப் பரப்பி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். பதினோரு நாள் ஆயிற்று. வேறு நான்கு வண்டிகள் வெளியே வெயிலில் காத்துக்கிடந்தன. பூட்டிய பிறகு தானே முப்பது தடவை ரெண்டாவதைப் போட்டு எடுத்தார். முப்பதும் சுத்தம்.

மறுநாள் காலை பஞ்சு வந்து நின்ற கோலத்தைப் பார்த்ததும் பல் டாக்டருக்கு விளங்கிவிட்டது.

"சொல்லாதீங்க மாமா."

"ராத்திரி குளிர்ல பாக்ஸ் ஏதாவது சுருங்கிப் போகுமா மாப்ள?"

"பாக்ஸ் என்ன பனியனா, சுருங்குறதுக்கு?"

"இங்க ஓடுது. வெளிய போனா ஓடல. நான் என்ன பொய்யா சொல்றேன்?"

"நான் மட்டும் பொய்யா சொல்றேன்? முப்பது தடவை போட்டேன். எண்ணிப் போட்டேன்." துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார் பல் டாக்டர், கை ஏற்கனவே சுத்தமாகத்தான் இருந்தது. "ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம். மெத்தை தைக்கிற கால் வேற, கிளச்சு மிதிக்கிற கால் வேற மாமா."

இந்த வார்த்தை பஞ்சுவின் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. அவர் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. சொல்லாமல் வைத்திருந்ததை அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சொல்லக் கூடாத இடத்தில் சொன்னார்.

பழைய வண்டி வைத்திருப்பவர்களின் சங்கம் ஒன்று உண்டு. வருடத்துக்கு ஒரு தடவை நாற்பது ஐம்பது வண்டிகள் வரிசையாக ஊர்ப்புறத்துக் குன்றின் மேல் ஏறும். பஞ்சுவின் பச்சை வண்டி ஏழாவது. அடிவாரத்தில் எல்லாரும் கதவுக்குள் தலையை நீட்டி, கம்பளத்தைத் தடவி, "அடேயப்பா" என்றார்கள். ஏற்றம் ஆரம்பித்தது. ரெண்டாவது விழவில்லை. ஒன்றிலேயே உறுமிக்கொண்டு ஏறினார். பின்னால் முப்பத்தைந்து வண்டிகள் சவ ஊர்வலம் மாதிரி வந்தன. நடந்து வந்த ஒரு குடும்பம் அவரை முந்திக்கொண்டு போனது. உச்சியில் இறங்கியதும் சங்கத் தலைவர் கேட்டார்.

"உள்ள ராஜா மாதிரி இருக்கு, ஏறும்போது மாடு மாதிரி இருக்கே. பாக்ஸ் யாரு பார்த்தது?"

"என் மைத்துனன்தான். பல் டாக்டர். மூணு தடவை பிரிச்சான்" என்றார் பஞ்சு.

பொய்யில்லை. ஆனால் நாற்பது பேர் கேட்டார்கள். நாற்பது பேரும் பழைய வண்டிக்காரர்கள், பல் டாக்டருக்குச் சோறு போடுகிறவர்கள். புதன்கிழமைக்குள் வெயிலில் காத்திருந்த நான்கு வண்டிகளில் இரண்டு, "அவசரமில்ல, அப்புறம் கொண்டு வர்றோம்" என்று கிளம்பிவிட்டன. வியாழக்கிழமை கொட்டகை வாசலில் ஒரு வண்டி செங்கல் வந்து இறங்கியது.

"கொட்டகைய ரெண்டாப் பிரிச்சுக்கலாம் மாமா" என்றார் பல் டாக்டர், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. "நடுவுல சுவர். திங்கக்கிழமை கொத்தனார் வர்றாரு."

அந்த மூன்று நாளில் கொட்டகையில் தையல் மெஷின் சத்தத்தைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை. வீட்டில் மனைவி தம்பிக்காகப் பேசவில்லை, புருஷனுக்காகவும் பேசவில்லை. பாத்திரங்கள் அவர் சார்பில் பேசின.

ஞாயிறு மதியம் லெதர் ஒட்டுகிற பசை டப்பா ஒன்று பஞ்சுவின் கை தவறி, ஓட்டுநர் பக்கத்துக் கம்பளத்தில் கவிழ்ந்தது. உயிரே போன மாதிரி அலறிக்கொண்டு, அந்தப் பக்கத்துக் கம்பளத்தையும் கீழே இருந்த மூன்று அடுக்குகளையும் உருவி எடுத்து, கரைப்பான் தடவி, கொடியில் போட்டார். வெயில் நேராகக் காரின் மீது விழுந்துகொண்டிருந்தது. டேஷ்போர்டு லெதர் வெளுத்துவிடும். நிழலுக்கு எடுக்கலாமென்று எஞ்சினைப் போட்டு, எப்படியும் போகாது என்று தெரிந்தே ரிவர்ஸைத் தொட்டார்.

போயிற்று. கரகரப்பு இல்லை, முனகலைத் தவிர வேறு சத்தமே இல்லை.

ஒன்று. இரண்டு. மூன்று. மறுபடி ரெண்டு. எல்லாம் வெண்ணெய். அவருக்குக் கோபம்கூட வந்திருக்கவில்லை.

வண்டியிலேயே உட்கார்ந்து கால்களைப் பார்த்தார். பிறகு இறங்கிப் போய், ஈரம் காயாத கம்பளத்தைக் கொண்டுவந்து, அடுக்குகளோடு விரித்து, ஏறி மிதித்தார். பெடல் இறங்கியது; மெத்தென்று எதிலோ போய்ப் பட்டு நின்றது. வெறுங்காலுக்கு அது தரை மாதிரியே இருந்தது. இத்தனை நாளாக அவர் கால் அதைத் தரை என்றுதான் நம்பியிருந்தது. கர்ர்ர்க். மறுபடி எடுத்தார். மிதித்தார். பெடல் இன்னும் இரண்டு விரற்கடை கீழே போனது. வெண்ணெய்.

இரண்டு விரற்கடை. கிளச்சு பாதிதான் விடுபட்டிருக்கிறது. ஓங்கி மிதித்தால் ரப்பர் பஞ்சு அமுங்கும், கியர் விழும். சாதாரணமாக மிதித்தால் விழாது. அங்கே கல்லைக் கண்டால் நாயைக் காணோம், இங்கே நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்று, கம்பளம் இருந்தபோதெல்லாம் மைத்துனர் இல்லை, மைத்துனர் இருந்தபோதெல்லாம் கம்பளம் பரணில்.

மனைவி வாசலில் வந்து நின்று எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாரோ தெரியாது.

"என்னங்க, அதை எடுக்கிறதும் போடுறதுமா... வெயில் தலைக்கு ஏறிடுச்சா?"

பஞ்சு சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் மனைவி படியில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"யாருக்காவது தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது." பஞ்சு குரலைத் தாழ்த்தினார். "பெடலுக்குக் கீழ மட்டும் அடுக்கை வெட்டி எடுத்துட்டா, மேல பார்த்தா வித்தியாசமே தெரியாது. தானா சரியாப் போச்சுன்னு சொல்லிடலாம்."

"சொல்லலாம்தான்."

"சுவரும் வேணாம்னு சொல்லிடலாம்."

"நேத்து ஒரு வண்டிய அவனே திருப்பி அனுப்பிட்டான், தெரியுமா?" என்றார் மனைவி. "வேலை இல்லாம இல்ல. 'என் கை சரியில்லக்கா, வேற ஆள்கிட்ட போகச் சொல்லிட்டேன்'ங்கிறான். முன்ன பண்ணின பாக்ஸையெல்லாம் நெனச்சு நெனச்சு, அதுலயும் ஏதாவது விட்டிருப்பேனோன்னு கேக்குறான். என்கிட்ட கேக்குறான். எனக்குக் கியருக்கும் குக்கருக்கும் என்னங்க தெரியும்?"

பஞ்சு கம்பளத்தின் லெதர் பட்டியைத் தடவிக்கொண்டிருந்தார். முப்பத்தோரு வருடத்தில் அவர் செய்ததிலேயே நல்ல வேலை அதுதான்.

திங்கட்கிழமை காலை கொத்தனார் இரண்டு ஆணி அடித்து, எண்ணெய்க் கறை முடிகிற இடத்தில் நூல் கட்டிக்கொண்டிருந்தார். பல் டாக்டர் செங்கல் மேல் உட்கார்ந்திருந்தார். பஞ்சு பச்சைக் காரை ஒன்றாவது கியரிலேயே உறுமவைத்து, நூலுக்கு ஒரு முழம் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்.

"மாப்ள, ஏறு."

"எதுக்கு?"

"ஏறுன்னா ஏறு."

பல் டாக்டர் பழக்க தோஷத்தில் செருப்பைக் கழற்றப் போனார்.

"செருப்போடயே ஏறு" என்றார் பஞ்சு. கொத்தனார்கூட நிமிர்ந்து பார்த்தார்.

பல் டாக்டர் ஏறினார். மிதித்தார். கர்ர்ர்ர்க். முகம் கறுத்தது. இறங்கப் போனவரின் தோளை அமுக்கிவிட்டு, பஞ்சு குனிந்து அவர் காலுக்கடியிலிருந்து கம்பளத்தையும் அடுக்குகளையும் சரக்கென்று உருவினார். பொத்தான்கள் தெறித்தன.

"இப்ப போடு."

போட்டார். விழுந்தது. ரெண்டு, மூன்று, ரிவர்ஸ். பல் டாக்டர் காலைப் பார்த்தார். பஞ்சுவின் கையில் தொங்கிய கனத்தைப் பார்த்தார். அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"உன் பாக்ஸ்ல ஒண்ணுமே இல்ல மாப்ள. முதல் நாள்லேர்ந்தே இல்ல. எல்லாம் இதுதான். சங்கத்துல அந்த நாற்பது பேருக்கும் நானே போன் போட்டுச் சொல்லிட்டேன். தலைவரு சிரிச்ச சிரிப்புல எனக்குக் காது போச்சு."

பல் டாக்டர் திட்டுவார் என்று கொத்தனார் கொஞ்சம் விலகி நின்றார். திட்டவில்லை. இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"கை போச்சுன்னு நெனச்சேன் மாமா."

"தெரியும்."

"மூணு தடவை. மூணு தடவை இறக்கி ஏத்தினேன். முதுகு இன்னும் நிமிரல." குரல் மேலே ஏறியது, பழைய பல் டாக்டரின் குரல். "ஒரு கார்ப்பெட்டுக்கு! மனுஷன் படுக்கிற மெத்தைய யாராவது கிளச்சுக்கு அடியில போடுவாங்களா? பெடலுக்குத் தூக்கம் வருதுன்னு உங்ககிட்ட சொல்லுச்சா?"

"உன் பாக்ஸ் பாடுனதாலதானே போட்டேன்!"

"பாடினா பாடட்டும்!"

"சார், சுவர் உண்டா, இல்லையா?" என்றார் கொத்தனார்.

பல் டாக்டரின் கோபம் பாதியில் அறுந்து, அவர் திடீரென்று சங்கடமாகச் சட்டைப் பையைத் தடவ ஆரம்பித்தார்.

"மாமா, நீங்க உண்மைய ஒத்துக்கிட்டதால நானும் ஒண்ணு சொல்லணும்." பையிலிருந்து காகிதத்தில் மடித்த ஒன்றை எடுத்துப் பிரித்தார். உள்ளே ஒரு சின்ன இரும்பு வளையம். "ரெண்டாவது தடவை பூட்டினப்ப இது மிச்சமாயிடுச்சு. எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரியல. மூணாவது தடவை முழுசாப் பிரிச்சதே இதுக்கு இடம் தேடத்தான். அப்பவும் கிடைக்கல. இதனாலதான் கியர் விழலன்னு நெனச்சு நெனச்சே..."

"இது இல்லாமலா வண்டி ஓடுது?"

"ஓடுது. எப்படின்னுதான் தெரியல."

பஞ்சு வளையத்தை வாங்கி, கட்டை விரலால் அமுக்கிப் பார்த்தார். அவருக்குத் தெரிந்த சோதனை அது ஒன்றுதான். பல் டாக்டர் வாங்கி மறுபடி வெளிச்சத்தில் பார்த்தார். கொத்தனாரும் நூலைத் தாண்டி வந்து குனிந்தார். வரும்போது நூல் காலில் மாட்டி ஓர் ஆணி பிடுங்கிக்கொண்டது. அதை யாரும் கவனிக்கவில்லை, அவர் உட்பட.

"இது தண்ணிக் குழாயில போடுறது மாதிரி இருக்குங்களே" என்றார் கொத்தனார்.

"தண்ணிக் குழாயா? கியர் பாக்ஸ்ல எப்படிங்க வரும்?" என்றார் பல் டாக்டர்.

"மாப்ள," என்றார் பஞ்சு மெதுவாக, "எதுக்கும் இன்னொரு தடவை பிரிச்சுப் பார்த்துடலாமா?"

பல் டாக்டர் மாமாவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஜாக்கியை எடுக்கப் போனார்.